பதினேழாம் நம்பர் ஜாடி

கண்ணாடித் தட்டில் மஞ்சளாகத் தளதளவென்று உறைந்திருந்ததைத் தின்பண்டம் என்று நினைத்து பிச்சைமுத்து கையை நீட்டியதுதான் தாமதம், டாக்டர் சந்திரசேகரன் போட்ட கூச்சலில் வெளியே டத்தோ கிராமாட் சாலையில் போன ரிக்‌ஷாக்காரன் தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நின்றுவிட்டான்.

"தொடாதே மேன்! அது வயித்துக்கடுப்புக் கிருமி! ஒரு வாய் தின்னா உன்னைத் தூக்க நாலு பேர் வேணும்!"

"மன்னிச்சிருங்க டாக்டர். பாசார்ல ரோஹானா விக்கிற கடல்பாசி அகர்-அகர் இதே மாதிரிதான் இருக்கும். மேல தேங்காப்பால்தான் இல்ல."

"அதே அகர்-அகர்தான். ஆட்டெலும்பு சூப்புல காய்ச்சி ஊத்தியிருக்கு. உனக்கில்ல, கிருமிக்கு."

"கிருமிக்கு ஆட்டெலும்பு சூப்பு, எனக்குக் காலையில வெறும் கோப்பி. அடுத்த ஜென்மத்துல கிருமியாப் பொறக்கணும் லா."

பிச்சைமுத்து ஒரு காலத்தில் நாடகக் கம்பெனி பபூன். கப்பலேறி வந்த கம்பெனி பினாங்கில் கலைந்துபோனது. ராஜபார்ட்டுக்காரன் எப்படியோ ஊர் திரும்பிவிட்டான். பபூன் மட்டும் தெருவில் நின்றான். இப்போது அவன் துப்பறியும் வேதநாயகத்துக்கு உதவியாள். வேதநாயகமோ கோர்ட்டில் இருபது வருஷம் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். யார் எதைச் சொன்னாலும் அதன் உள்ளர்த்தத்தைத் தன் பாஷையில் திருப்பிச் சொல்லாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது.

"விஷயத்துக்கு வாங்க டாக்டர்" என்றார் வேதநாயகம், குடையை மடியில் வைத்துக்கொண்டு.

டாக்டர் தலையிலிருந்த சோலா தொப்பியைச் சரிசெய்துகொண்டார். வீட்டுக்குள்ளே, அதுவும் தன் சொந்த ஆய்வுக்கூடத்தில், எதற்குத் தொப்பி என்று பிச்சைமுத்துவுக்கு வந்ததிலிருந்தே நாக்கு நமநமவென்று அரித்துக்கொண்டிருந்தது.

"இந்தத் தட்டு பூரா கிருமி விதைச்சிருக்கேன். நடுவுல ஒரு சின்னக் குழி வெட்டி, அதுல பச்சிலைச் சாறு ஊத்துவேன். சாறுக்குச் சக்தி இருந்தா மறுநாள் குழியைச் சுத்திக் கிருமி செத்து, வட்டமா தெளிஞ்சிருக்கும். சக்தி இல்லேன்னா கிருமி குழி ஓரம் வரைக்கும் வந்து குடும்பம் நடத்தும். வேப்பம்பட்டை, குப்பைமேனின்னு பதினாறு சாறு பார்த்தேன். பதினாறும் தோல்வி."

"பதினேழு?"

"பெலிம்பிங் காய். ஊறுகா போடுவாங்களே, அந்தப் புளிக்கிற காய். வெறும் புளிப்பே சில கிருமியைக் கொல்லும், அது மருந்துல சேராது. அதனால புளிப்பு லேசாத் தெரியற அளவுக்குத் தண்ணி விட்டேன். மறுநாள் பார்த்தா..." டாக்டர் விரல்களால் வட்டம் போட்டுக் காட்டினார். "ஒரு வெள்ளிக் காசு அகலத்துக்கு வட்டம்! அந்த ஜாடிச் சாறு தீர்ற வரைக்கும் போட்ட தட்டெல்லாம் ஜெயிச்சது. போன மழையில இந்தத் தெருவுலேயே எத்தனை குழந்தைங்க பேதியில போச்சு தெரியுமா? எல்லாத்துக்கும் வழி கிடைச்சிருச்சுன்னு நினைச்சேன்."

"அப்புறம்?"

"புதுசாச் சாறு பிழிஞ்சோம். ஒண்ணும் வேலை செய்யல! திங்கக்கிழமை கோலாலம்பூர்லேருந்து பெரிய வெள்ளைக்கார டாக்டர் பார்க்க வர்றாரு. அவர்கிட்ட நான் எதைக் காட்டுறது? என் முகரையையா?"

அறையின் மூலையில் ஓர் இளைஞன் தலைகுனிந்து நின்றான். டாக்டரின் விரல் அவன் பக்கம் திரும்பியது.

"சாறு பிழியறவன் இந்த பால்ராஜ். அசல் சாறை எவனோ மருந்துக் கம்பெனிக்காரனுக்குக் கொடுத்துட்டு எனக்கு வேற எதையோ ஊத்தி வச்சிருக்கான். திருடினது யாருன்னு நீங்க கண்டுபிடிக்க வேணாம். யாருக்குக் கொடுத்தான்னு மட்டும் சொல்லுங்க, போதும்."

"அதாவது, வழக்குத் தொடுத்தவர் சொல்வது என்னவென்றால், தீர்ப்பு எழுதியாகிவிட்டது, விசாரணை மட்டும்தான் பாக்கி" என்றார் வேதநாயகம்.

பால்ராஜ் நிமிர்ந்தான். கண் சிவந்திருந்தது. "மாதா மேல சத்தியமா நான் எடுக்கல சார். நாளைக்கு எனக்கும் ரீத்தாவுக்கும் மாதா கோவில்ல மூணாவது ஓலை, கல்யாண அறிவிப்பு, வாசிக்கணும். அது வாசிச்சாத்தான் கல்யாணம். டாக்டர் போய் பங்குச் சாமிகிட்ட என்னைத் திருடன்னு சொல்லிட்டாரு. ரீத்தா அப்பா பெஞ்சமின் மாமா, பட்டர்வொர்த் ஸ்டேஷன்ல கிளார்க்கு, ரொம்பக் கண்டிப்பு. 'பழி சொன்னவரே நேர்ல வந்து இல்லேன்னு சொன்னாத்தான் ஓலை, இல்லேன்னா பொண்ணு இல்ல'ன்னுட்டாரு."

பிச்சைமுத்து பால்ராஜின் பக்கத்தில் போய் நின்றான். கம்பெனி கலைந்து அவன் பட்டினியாகத் திரிந்தபோது கூப்பிட்டுச் சோறு போட்டவர்கள் பால்ராஜின் வீட்டார். இந்தப் பையன் திருடன் என்றால் பினாங்கில் யோக்கியனே கிடையாது என்று அவன் மனசு அடித்துச் சொன்னது. துக்கம் வந்தால் அவனுக்கு வாய் சும்மா இருக்காது.

"கோவிலுக்கே போயிட்டீங்களா டாக்டர்? சாமி என்ன சொன்னாரு?"

"நான் உள்ள போகல. கேட்ல நின்னு ஆள் விட்டுக் கூப்பிட்டேன்."

"அந்த மத்தியான வெயில்ல சாமியும் கேட்டுக்கு வந்து நின்னாரு சார்" என்றான் பால்ராஜ். "உள்ள வாங்கன்னு மூணு தடவை கூப்பிட்டும் டாக்டர் வரலையாம்."

"கோவில், குளம், சாமி, பூதம், இதெல்லாம் எனக்கு ஆகாது!" என்று சீறினார் டாக்டர். "ஐ ஆம் எ மேன் ஆஃப் சயன்ஸ்."

அந்த நேரம் பார்த்து உள்கதவு திறந்தது. டாக்டரின் மனைவி ஜெயலெட்சுமி கையில் எண்ணெய்க் கிண்ணத்தோடு நின்றாள். நெற்றியில் திருநீறு, முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"ஏங்க, எண்ணெய் ஆறிப்போச்சு. இது மூணாவது தடவை காய்ச்சுறேன். சனிக்கிழமை எண்ணெய் தேச்சுக் குளிக்க வர்றீங்களா இல்லையா?"

"வேலை இருக்கு. போ உள்ள."

"கல்யாணம் ஆன நாள்லேருந்து சனிக்கிழமை எண்ணெய் தவறினதில்ல. இப்ப செவ்வாக்கிழமைலேருந்து படுக்கை இங்க, சாப்பாடு இங்க. நீங்களே கேளுங்கண்ணே" என்று வேதநாயகத்திடம் முறையிட்டாள். "அந்தக் கிருமியைக் கட்டிக்கிட்டு அழறவருக்கு என்னை எதுக்குக் கட்டி வச்சாங்க?"

"அதாவது, சாட்சி சொல்வது, வீட்டில் ஏதோ மாறியிருக்கிறது, என்னவென்று தெரியவில்லை" என்று முணுமுணுத்த வேதநாயகம் எழுந்து அலமாரியருகே போனார். மேல் தட்டில், பூஜை அறையில் வைப்பதுபோலத் தனியாக, வாயகன்ற காலி ஜாடி ஒன்று இருந்தது. 17 என்று சீட்டு ஒட்டியிருந்தது.

"ஜெயிச்ச சாறு இருந்த ஜாடியா? ஏன் கழுவல?"

"கழுவக்கூடாதுன்னு டாக்டர் ஆர்டர் சார்" என்றான் பால்ராஜ். "ராசியான ஜாடின்னாரு."

டாக்டருக்குப் புரையேறியது. "ராசின்னு சொல்லல! சாம்பிள்னு சொன்னேன்."

வேதநாயகம் ஜாடியை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். அடியில் காய்ந்த வண்டல், அதன் நடுவே வண்டல் படியாத சுத்தமான இடம் ஒன்று. சதுரமாக, மூலைகள் மட்டும் மழுங்கியிருந்தது. ஓரமெல்லாம் பச்சையாகப் பூத்திருந்தது.

"இதுக்குள்ள என்ன போட்டிருந்தீங்க?"

"சாறு. வேற என்ன?" என்றார் டாக்டர் சட்டென்று. தொப்பி மறுபடியும் சரிசெய்யப்பட்டது.

"பிச்சை, கிளம்பு. காய் வாங்கின கடைக்குப் போவோம்."

டிராமில் போகும்போது பிச்சைமுத்து தன் துப்பைக் கொட்டினான்.

"ஐயா, சதுரமா இருந்தது சர்க்கரைக் கட்டிதான். பால்ராஜைப் பிடிக்காத எவனோ சாறுல சர்க்கரையைப் போட்டுக் கிருமிக்குத் தீபாவளி கொண்டாடியிருக்கான்."

"சர்க்கரைன்னா கரைஞ்சிருக்கும், தடம் இருக்காது. அதோட அது ஜெயிச்ச ஜாடி. தோத்த ஜாடியில தடமே இல்ல."

"அப்ப உள்ள இருந்தது கெடுக்கலையா?"

"கேள்வி அதுதான். உள்ளே இருந்த ஒண்ணு இப்ப இல்ல. அது இருந்த வரைக்கும் ஜெயம், போனதும் தோல்வி."

பிச்சைமுத்து தலையைச் சொறிந்தான்.

சௌரஸ்தா மார்க்கெட்டில் நூர்ஜானின் கடை. பச்சிலை, வேர், பட்டையோடு ஊறுகாயும் விற்பவள். தராசுக்குப் பக்கத்தில் பெரிய சீன ஜாடியில் உப்புநீரில் பெலிம்பிங் காய்கள் மிதந்தன.

"டாக்டர் ஊட்டுக்கு என்னைக்கும் ஒரே மரத்துக் காய்தான் தம்பி" என்றாள் நூர்ஜான். "முதல்ல வாங்கினதும் அதே, அப்புறம் வாங்கினதும் அதே. காய்ல மோசம்னு எவன் சொன்னான்? கூப்பிடு அவனை!"

"யாரும் சொல்லல அக்கா. ஒரு காய் குடுங்க" என்று பிச்சைமுத்து இடுப்பு மடியிலிருந்து காசை எடுத்து நீட்டினான். கறுத்துப் போன ஒரு காசு. நூர்ஜான் கையை நீட்டுவதற்குள் அது நழுவிக் குறி தவறாமல் ஊறுகாய் ஜாடிக்குள் விழுந்தது.

"அல்லா! எந்தெந்தக் கை பட்ட காசோ! ஊறுகாய்ல போடுறியே, உனக்குக் கை இருக்கா இல்ல கரண்டி கட்டியிருக்கா?"

"காசு கொடுத்தாலும் திட்டு, கொடுக்காட்டாலும் திட்டு. கடைன்னா இதுதான்க்கா கடை."

நூர்ஜான் அவனுடைய ஏழு தலைமுறையையும் வரிசையாகக் கூப்பிட்டுக்கொண்டே அகப்பையை விட்டுத் துழாவினாள். காய் வந்தது, மிளகாய் வந்தது, காசு வரவில்லை. கடைசியில் அகப்பையில் ஏறி வந்தபோது பிச்சைமுத்து அதைத் தன் காசு என்று நம்பவில்லை. கறுப்பெல்லாம் போய் அன்றைக்கு அச்சடித்ததுபோல செக்கச் செவேலென்று மின்னியது. நாணயத்து ராஜா முகம் கழுவிப் பொட்டு வைத்துக்கொண்டதுபோல் இருந்தார்.

"பெலிம்பிங் சும்மாவா? செம்பு, பித்தளை எல்லாத்தையும் கடிச்சுத் தின்னுரும்" என்றாள் அவள்.

வேதநாயகம் அந்தக் காசைக் கையில் வாங்கிப் பார்த்துக்கொண்டே நின்றார். மற்ற காசெல்லாம் வட்டம். இந்த ஒரு சென்ட் செப்புக் காசு மட்டும் சதுரம், மூலைகள் மழுங்கிய சதுரம்.

"பிச்சை, ஜாடிக்குள்ள காசு போடுறவன் யாரு?"

"ஜாடியை உண்டியல்னு நினைச்சவன்" என்றான் அவன் விளையாட்டாக. சொன்ன பிறகு அவன் வாயே பிளந்து நின்றது. "ஐயா... வேண்டுதலா?"

"வேண்டுதல். ஆனா மஞ்சள் துணியில முடிஞ்சு வைக்காம ஜாடியில போட்டிருக்காங்க. ஏன்?"

"டாக்டரம்மாவா இருக்குமோ? நெத்தி நிறைய விபூதி."

"அந்தம்மாவுக்கு யாருகிட்ட பயம்? பகிரங்கமா முடிஞ்சிருப்பாங்க. இது ஒளிச்சு வேண்டினவங்க வேலை." வேதநாயகம் குடையை விரித்தார். "கோவில் வாசல்ல வெயில்ல நின்னவரு. எண்ணெய்க்குத் தலை காட்டாதவரு. பிச்சை, நீ நாடகத்துல போட்டதிலேயே நல்ல வேஷம் எது?"

"தேள் கொட்டினவன் வேஷம் ஐயா. ஒன்ஸ்மோர் வாங்கியிருக்கேன்."

"பேஷ். அது போதும்."

அவர்கள் திரும்பியபோது ஆய்வுக்கூடத்தில் பால்ராஜ் தன் துணிமணியை மூட்டை கட்டிக்கொண்டிருந்தான். ஜெயலெட்சுமி நாலாவது தடவையாக எண்ணெய் காய்ச்சி எடுத்து வந்திருந்தாள்.

"யாருக்குக் கொடுத்தான்?" என்று எழுந்தார் டாக்டர்.

வேதநாயகம் பிச்சைமுத்துவைப் பார்த்தார். பிச்சைமுத்து டாக்டரின் தலைக்கு மேலே பார்த்தான். கண் பிதுங்கியது, உதடு துடித்தது.

"டாக்டர்... அசையாதீங்க... தொப்பியில... தேளு! நட்டுவாக்காலி!"

விஞ்ஞானி ஒரே துள்ளலில் தொப்பியைக் கழற்றி அறையின் மறுகோடிக்கு எறிந்தார். அது அகர்-அகர் தட்டுகளுக்கு மேலே பறந்து சுவரில் மோதிக் கீழே விழுந்தது. யாரும் தொப்பியைப் பார்க்கவில்லை. எல்லோரும் தலையைப் பார்த்தார்கள்.

மழமழவென்று மொட்டை. காதோரம் காய்ந்த சந்தனம்.

எண்ணெய்க் கிண்ணம் தரையில் விழுந்தது. "முருகா!" என்றாள் ஜெயலெட்சுமி. கிட்டே வந்து மெல்லக் கேட்டாள்: "எப்பங்க?"

"செவ்வாக்கிழமை" என்றார் டாக்டர் சுவரைப் பார்த்துக்கொண்டு. "தண்ணிமலை முருகன் கோவில்ல."

"போன தைப்பூசத்துக்கு நான் மஞ்சத்துணியில காசு முடிஞ்சப்ப, 'ஏன் காசுக்குக் காயமா, கட்டுப் போட்டிருக்கே'ன்னு கேட்டது யாரு?"

"நான்தான்."

"என் தங்கச்சி மவனுக்கு மொட்டை போட்டப்ப, 'பேன் தொல்லையா'ன்னு கேட்டது?"

"அதுவும் நான்தான் ஜெயா. பதினாறு தோத்துப்போச்சு. எதிர் வீட்டுக் குழந்தையைத் தூக்கிட்டுப் போனதை நீயும்தானே பார்த்தே? எனக்கு வேற வழி தெரியல. 'முருகா, இந்த ஒண்ணாவது ஜெயிக்கணும்'னு ஒரு காசை எடுத்தேன். மஞ்சத்துணி கேட்டா நீ கண்டுபிடிச்சிருவே. அதான் ஜாடிக்குள்ளேயே போட்டுட்டேன்."

"ஜெயிச்சதும் எடுத்து உண்டியல்ல சேர்த்துட்டீங்க" என்றார் வேதநாயகம். "எடுக்கும்போது காசு எப்படி இருந்துச்சு?"

"பளபளன்னு. புதுசு மாதிரி. அருள்னு நினைச்சு எனக்கு உடம்பு சிலிர்த்துப் போச்சு."

வேதநாயகம் சட்டைப் பையிலிருந்து பிச்சைமுத்துவின் காசை எடுத்து மேஜைமேல் வைத்தார். அது பக்கத்தில் கிடந்த 17 ஜாடியின் தடத்துக்கு அச்சு அசல் ஜோடியாக மின்னியது. "இதுக்கும் இப்பத்தான் அருள் கிடைச்சது. நூர்ஜான் கடை ஊறுகாய்ல."

டாக்டர் மூளையில்லாதவர் அல்ல. காசைப் பார்த்தார், ஜாடியைப் பார்த்தார், பச்சை ஓரத்தைப் பார்த்தார். மெல்ல முக்காலியில் உட்கார்ந்தார்.

"செம்பு" என்றார். "புளிப்பு செம்பைக் கரைச்சிருக்கு. கிருமியைக் கொன்னது செம்பு. காயில்ல. காசு இல்லாம புதுசாப் பிழிஞ்சது... வெறும் சாறாயிருச்சு." மொட்டைத் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "ஐயோ பால்ராஜ்."

பால்ராஜ் மூட்டையின் முடிச்சை அவிழ்க்கவும் இல்லை, இறுக்கவும் இல்லை. அப்படியே பிடித்துக்கொண்டு நின்றான்.

"நிரூபிக்காம நான் ஒத்துக்க மாட்டேன்" என்று எழுந்தார் டாக்டர். இந்தத் தடவை குரலில் வீம்பு இல்லை. "பால்ராஜ், காய் பிழி தம்பி. ஒரு ஜாடியில வெறும் சாறு. ஒண்ணுல சாறும் காசும். சாயங்காலம் தட்டுல ஊத்துவோம்."

"அது என் காசு டாக்டர்" என்றான் பிச்சைமுத்து. "விஞ்ஞானத்துக்குக் கடன். முருகனுக்கில்ல, திருப்பித் தரணும்."

ஞாயிறு விடிந்ததும் ஐந்து தலைகள் தட்டுகள்மேல் கவிழ்ந்தன. வெறும் சாற்றைச் சுற்றிக் கிருமி குழியோரம் வரை குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது. காசு ஊறிய சாற்றைச் சுற்றி, நிலாவுக்கு ஊர்கோள் கட்டியதுபோல ஒரு தெளிந்த வட்டம்.

"ரெண்டு வருஷ உழைப்பு போச்சு. இவ்வளவு செம்பை மருந்தாக் குடிக்கவும் கொடுக்க முடியாது" என்றார் டாக்டர். "திங்கக்கிழமை துரைகிட்ட இருக்கிறதைச் சொல்லிடறேன். பதினெட்டுலேருந்து ஆரம்பிக்கணும்."

"நாங்க செம்புக் குடத்துல தண்ணி வச்சப்ப, 'பட்டிக்காடு'ன்னு எனாமல் கூஜா வாங்கிப் போட்டீங்களே" என்றாள் ஜெயலெட்சுமி. "இனி பரணையிலேருந்து குடத்தை இறக்கலாம்ல?"

டாக்டர் பால்ராஜைப் பார்த்து, "உனக்கு நான் ஒரு கடிதம் எழுதித் தர்றேன். சாமிகிட்ட கொடு. என் கையெழுத்து, முத்திரை எல்லாம் போட்டு..." என்று இழுத்தார்.

"அதாவது, வழக்குத் தொடுத்தவர் சொல்வது என்னவென்றால்," என்றார் வேதநாயகம், "மாதா கோவிலுக்குள் போனால் ஆண்கள் தொப்பியைக் கழற்ற வேண்டும்."

டாக்டரின் மொட்டை சிவந்தது. அவரிடம் வைத்தியம் பார்க்கிற பாதிப் பேர் அந்தக் கோவிலில்தான் இருப்பார்கள். டத்தோ கிராமாட் முழுக்க அவருடைய மூடநம்பிக்கை எதிர்ப்புப் பிரசங்கத்தைக் கேட்டுக் காது புளித்தவர்கள்.

"ஊர் சிரிக்கும் மிஸ்டர் வேதநாயகம்."

"சிரிக்கும்" என்றார் அவர். "வாயால சொன்ன பழி டாக்டர். வாயாலதான் எடுக்கணும்."

மாதா கோவிலில் பூசை பாதிக்கு மேல் போய்விட்டது. பிச்சைமுத்துவும் வேதநாயகமும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். முன்னால் பால்ராஜ், பெண்கள் பக்கம் வெள்ளை முக்காட்டோடு ரீத்தா. நடுவில் பெஞ்சமின் கையைக் கட்டிக்கொண்டு, ரயில் தாமதமானால் ஸ்டேஷன் மாஸ்டரைப் பார்ப்பாரே, அப்படிப் பீடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாமி ஓலைச் சீட்டைக் கையில் எடுத்தார். முதல் ஜோடியின் ஓலையை வாசித்தார். இரண்டாவது சீட்டைப் பார்த்தார். பெஞ்சமினைப் பார்த்தார். பெஞ்சமின் தலையை இடம் வலமாக ஆட்டினார்.

பிச்சைமுத்து வாசலைத் திரும்பிப் பார்த்தான். இந்தத் தடவை சொல்வதற்கு அவனிடம் ஒரு வேடிக்கையும் இல்லை.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. எல்லாத் தலையும் திரும்பியது. டாக்டர் சந்திரசேகரன் கோட்டும் சூட்டும் சோலா தொப்பியுமாக நின்றார். ஓரடி பின்னால் ஜெயலெட்சுமி. வாசல் காக்கிற உபதேசியார் விரலை உயர்த்தித் தொப்பியைக் காட்டினார்.

டாக்டர் ஒரு கணம் தயங்கினார். ஜெயலெட்சுமி அவருடைய முழங்கையைத் தொட்டாள்.

தொப்பி இறங்கியது.

முதலில் ஒரு குழந்தை களுக்கென்று சிரித்தது. பிறகு பெஞ்ச் பெஞ்சாகச் சிரிப்பு பரவிப் பீடம் வரைக்கும் போனது. டாக்டர் அந்தச் சிரிப்புக்கு நடுவே நடந்து போனார். பால்ராஜின் பக்கத்தில் நின்றார்.

"இந்தப் பையன் என்கிட்ட எதையும் திருடல" என்றார் உரக்க. "ஜாடியில காசு போட்டதும் நான், எடுத்ததும் நான், பழி போட்டதும் நான். முருகனுக்கு வேண்டிக்கிட்டதை வீட்டுக்குத் தெரியாம மறைக்கப் பார்த்தேன். எல்லாரும் என்னை மன்னிக்கணும். முதல்ல இவன்."

சிரிப்பு நின்றுபோனது. பால்ராஜ் தலையைத் திருப்பி முகத்தைத் துடைத்துக்கொண்டான். பிறகு டாக்டருக்கு உட்கார இடம் விட்டு நகர்ந்தான்.

சாமி பெஞ்சமினைப் பார்த்தார். பெஞ்சமின் அந்த மொட்டைத் தலையையே வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். மெல்ல எழுந்து, கட்டியிருந்த கையை அவிழ்த்தார்.

"இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?" என்றார். "ஓலையை வாசிங்க சாமி."